முதல் நாள் பயிற்சி எந்த மொழியில்? கேரள எல்லைத் தொழிற்சாலைகளில் விடை கிடைக்காத கேள்வி

புது தில்லி: 29 தொழிலாளர் சட்டங்களை ஒருங்கிணைத்து உருவாக்கப்பட்ட 4 சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்குக் கொண்டு வந்தது. வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் வழங்கப்பட வேண்டும் என்பது இவற்றின் முக்கிய அம்சமாக முன்வைக்கப்படுகிறது. ஆனால், அக்கடிதம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் வாசகம் கூறவில்லை. அதனை அரசுகள் வகுக்கும் விதிகளுக்கு விட்டுவிட்டது. புதிதாக வரும் தொழிலாளிக்கு இயந்திரத்தின் ஆபத்தை அவர் அறிந்த மொழியில் சொல்லித் தர வேண்டும் என்ற கட்டாயமும் தெளிவாக எழுதப்படவில்லை.

தில்லியில் இது சிறிய விடுபடலாகத் தோன்றலாம். தமிழக - கேரள எல்லையில் உள்ள பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் இது அன்றாடப் பிரச்னை. ஒரே கூரையின் கீழ் தமிழ், மலையாளம், ஹிந்தி, ஒடியா, வங்காளம் பேசுவோர் வேலை செய்யும் பகுதிகள் இவை.

கணவாயில் ஒரு தொழிற்பேட்டை: கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், வாளையாரைக் கடந்ததும் வருவது கஞ்சிக்கோடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாயில், சாலையும் ரயில் பாதையும் அருகருகே செல்லும் இப்பகுதி கேரளத்தின் முக்கியத் தொழில் மையங்களில் ஒன்று. மத்திய அரசின் இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனம் 1974-லும், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை 1976-லும் இங்கு தொடங்கப்பட்டன. வாளையாரில் மலபார் சிமென்ட்ஸ் ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பாதுகாப்புத் துறையின் கீழுள்ள பிஇஎம்எல் நிறுவனத்தின் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது.

இந்தப் பொதுத்துறை நிறுவனங்களில் சேர்ந்தவர்கள் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் வகுத்த வழியில் பயிற்சி பெற்றனர். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துச் சான்றிதழ் பெற்றவர் ஆலையில் பழகுநராகச் சேர்ந்து, மூத்த தொழிலாளியின் கீழ் வேலை கற்று, அதன் பிறகே தனியாக இயந்திரத்தின் முன் நின்றார். பின்னாளில் கஞ்சிக்கோட்டில் பெருகிய தனியார் இரும்பு உருக்காலைகள், வார்ப்பகங்கள், உணவுப் பொருள் ஆலைகள் பலவற்றில் இந்த முறை இல்லை. ஒப்பந்ததாரர் அழைத்து வரும் தொழிலாளி பல நேரங்களில் மறுநாளே வேலையில் நிறுத்தப்படுகிறார். பக்கத்தில் நிற்பவர் செய்வதைப் பார்த்துக் கற்பதே அவருக்குக் கிடைக்கும் பயிற்சி.

மலையில் தலைகீழ் நிலை: இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலைத் தோட்டங்கள் உருவானபோது, தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் தொழிலாளர்கள் மலையேற்றப்பட்டனர். கங்காணியே ஆள் சேர்ப்பவர், முன்பணம் கொடுப்பவர், வேலை சொல்லித் தருபவர், வெள்ளைக்காரத் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர். சுரண்டலுக்கு வழிவகுத்த இம்முறையில், புதிதாக வந்தவருக்குப் புரியும் மொழியில் வேலை சொல்லப்பட்டது என்பது மட்டுமே சாதகமான அம்சம்.

1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைக் கேரளத்துடன் சேர்க்கப் பரிந்துரைத்ததையும், மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதனை எதிர்த்துப் போராடியதையும் தமிழக மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1956-இல் மாநில எல்லை முடிவானது. மூணாறு எஸ்டேட்டுகளின் பேச்சு மொழி மட்டும் தமிழாகவே நீடித்தது.

இப்போது அங்கும் நிலைமை மாறி வருகிறது. தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்துவிட்டு வேறு வேலைகளுக்குச் செல்கின்றனர். காலியாகும் இடங்களுக்கு ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகின்றனர். அவர்களில் பலருக்குத் தாய்மொழி சந்தாலி அல்லது சாத்ரி. தமிழ் தெரியாது; மலையாளமும் தெரியாது. கொழுந்து பறிக்கும் விதத்தை, பல ஆண்டு அனுபவமுள்ள தமிழ்ப் பெண் தொழிலாளர்களே கை ஜாடையால் சொல்லித் தர வேண்டியுள்ளது. இலைக்கு அது போதும். தேயிலையை அரைக்கும் சிடிசி இயந்திரத்தின் பல் வைத்த உருளைகளுக்கு ஜாடை போதாது.

கஞ்சிக்கோட்டில் தமிழ் சிறுபான்மையினரின் மொழி. மூணாறு எஸ்டேட்டில் அதுவே பெரும்பான்மையினரின் மொழி. இரண்டு இடங்களிலும் பாதிக்கப்படுபவர், பெரும்பான்மையினரின் மொழி தெரியாத புதிய தொழிலாளி.

சட்டம் சொன்னது என்ன?: இந்தக் குறைபாட்டின் வேர் பழைய சட்டங்களிலேயே உள்ளது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, ஆலையில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் புரிந்துகொள்ளும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தின் 9-ஆவது பிரிவும் அதையே கூறியது. நாற்பது பேர் மலையாளமும் பத்துப் பேர் ஒடியாவும் பேசும் ஆலையில், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்துவிட்டால் சட்டப்படி கடமை முடிந்தது.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, தொழிலாளர்களின் பாதுகாப்புக்குத் தேவையான தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை வழங்குவது ஆலை நடத்துபவரின் கடமை என்றது. 111ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாக அறிவித்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும், பயிற்சி எந்த மொழியில் என்ற கேள்விக்கு அத்திருத்தத்திலும் பதில் இல்லை.

அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவில் மற்றொரு விநோதம். ஆபத்தான இயந்திரத்தில் இளம் வயதினரை நிறுத்தும் முன், அதன் ஆபத்துகளை முழுமையாக விளக்க வேண்டும். போதிய பயிற்சி தர வேண்டும் அல்லது அனுபவம் மிக்கவரின் மேற்பார்வையில் வைக்க வேண்டும் என அப்பிரிவு வலியுறுத்தியது. முப்பது வயது வரை வயலில் வேலை செய்துவிட்டு முதன்முறையாக ஆலைக்குள் நுழைபவரும் இயந்திரத்தைப் பொருத்தவரை அந்த இளைஞரைப் போன்றவரே. ஆனால், வயது வந்தவர் என்பதால் அந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தவில்லை.

தொழிலாளியின் மொழியை மதித்த சட்டம் ஒன்று இருந்தது. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய கையேடு ஒன்றைத் தர வேண்டும் என்றது. வேலை செய்யும் இடம், காலம், ஊதியம், பிடித்தங்கள் ஆகியவை அதில் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தொழிலாளியின் மொழி வேறாக இருந்தால் அம்மொழியிலும் இருக்க வேண்டும் எனத் தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. நடைமுறையில் அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. ஒப்பந்ததாரர் மூலம் வராமல் தாமாக வந்தவர்களுக்கு அது பொருந்தவும் இல்லை.

மாநிலங்களவையில் நடந்தது: மேற்கண்ட தொழிற்சாலைகள் சட்டம், புலம்பெயர் தொழிலாளர் சட்டம், தோட்டத் தொழிலாளர் சட்டம் உள்பட 13 சட்டங்கள், பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டன. 2019 ஜூலையில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்ட மசோதா, பர்த்ருஹரி மகதாப் தலைமையிலான தொழிலாளர் துறை நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் திருத்தப்பட்ட புதிய மசோதா 2020 செப்டம்பரில் கொண்டு வரப்பட்டது.

வேளாண் மசோதாக்கள் தொடர்பான அமளியில் மாநிலங்களவை உறுப்பினர்கள் 8 பேர் செப்டம்பர் 21-ஆம் தேதி இடைநீக்கம் செய்யப்பட்டனர். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. செப்டம்பர் 22-இல் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் மூன்று தொழிலாளர் மசோதாக்கள் நிறைவேறின. கரோனா பொது முடக்கத்தின்போது உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் குறித்த புள்ளிவிவரம் இல்லை என்று மத்திய அரசு மக்களவையில் எழுத்துபூர்வமாகப் பதிலளித்ததும் அதே கூட்டத்தொடரில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

புதிய தொகுப்பில் வரவேற்கத்தக்க அம்சங்கள் உள்ளன. தாமாக வேறு மாநிலத்துக்கு வந்து வேலையில் சேருபவரும், மாத ஊதியம் ரூ. 18 ஆயிரத்துக்கு மிகாமல் இருந்தால், புலம்பெயர் தொழிலாளியாகக் கருதப்படுவார். ஊர் சென்று வரப் பயணப்படி உண்டு. உதவி கேட்கக் கட்டணமில்லாத் தொலைபேசி வசதி உண்டு. அதேநேரம், சொந்த மொழியில் அளிக்கப்பட வேண்டிய அந்தக் கையேடு இத்தொகுப்பில் இடம்பெறவில்லை. மின்சாரம் பயன்படுத்தும் ஆலைகள் 'தொழிற்சாலை' எனக் கருதப்படுவதற்கான தொழிலாளர் எண்ணிக்கை 10-லிருந்து 20 ஆக உயர்த்தப்பட்டது. நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பு, தொழில் உறவுகள் தொகுப்பின்படி 100-லிருந்து 300 ஆனது. சிறு, நடுத்தர ஆலைகளுக்கு நிலையாணைகள் கட்டாயமில்லை என்றாகிவிட்டது.

ஈர இரும்பும் சுழலும் உருளையும்: மொழி என்பது இங்கே உணர்வு சார்ந்த விவகாரம் மட்டுமல்ல, உயிர் சார்ந்தது. உருக்காலையில் பழைய இரும்பை உலையில் கொட்டும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். அந்த இரும்பில் ஈரம் இருந்தாலோ, வாய் அடைத்த குழாய், உருளை போன்றவை கலந்திருந்தாலோ, உருகிய உலோகத்தில் விழுந்த கணமே நீர் ஆவியாகி வெடிக்கும்; கொதிக்கும் இரும்பு சுற்றிலும் தெறிக்கும். மழைக் காலத்தில் திறந்தவெளியில் குவிக்கப்பட்ட இரும்பில் ஈரம் சேருவது இயல்பு. 'நனைந்ததைப் போடாதே' என்ற ஒரே எச்சரிக்கை, முதல் நாளே, புரியும் மொழியில் சொல்லப்பட்டாக வேண்டும்.

தேயிலை ஆலையிலும் அப்படியே. ஓடும் இயந்திரத்தில் எண்ணெய் விடுவது, சிக்கிய இலையை எடுப்பது ஆகியவற்றில்தான் கை சிக்குகிறது. அதனால்தான் ஓடும் இயந்திரத்தின் அருகே செய்யும் இத்தகைய பணிகளை, தனிப்பயிற்சி பெற்று, உடலோடு ஒட்டிய உடை அணிந்து, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவர் மட்டுமே செய்யலாம் எனப் பழைய சட்டத்தின் 22-ஆவது பிரிவு விதித்தது.

தெலங்கானாவின் பாசமைலாரத்தில் 2025 ஜூன் 30-ஆம் தேதி மருந்து மூலப்பொருள் ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்து, காணாமல் போனவர்களையும் சேர்த்து 54 பேரைப் பலி கொண்டது. அவர்களில் பலர் பிகார், ஒடிஸா, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களை நம்பி இயங்கும் ஆலைகளில் விபத்து நேர்ந்தால் இழப்பு எத்தகையது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

பயிற்சி தரும் முறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில், அனுபவமற்ற லட்சக்கணக்கானோரை ஆலை வேலைக்குப் பழக்க ஒரு நான்கு படி முறை வகுக்கப்பட்டது. முதலில் புதியவரின் பதற்றத்தைப் போக்கி, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது. பிறகு வேலையைச் செய்துகாட்டி ஒவ்வொரு படியையும் விளக்குவது. அடுத்து அவரையே செய்யவைத்து, ஏன் அப்படிச் செய்கிறார் என்று சொல்லவைப்பது. கடைசியாகத் தனியே விட்டு, அடிக்கடி வந்து பார்ப்பது. போருக்குப் பின் ஜப்பானிய ஆலைகள் இதனை விரிவாகப் பயன்படுத்தின. இந்த நான்கில் முதலாவதும் மூன்றாவதும் பொது மொழி இல்லாமல் நடக்காது.

பயிற்சி என்ற பெயரில்: பயிற்சி என்ற சொல்லே தொழிலாளிக்கு எதிராகத் திரும்பிய அனுபவம் தமிழகத்துக்கு உண்டு. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம் பெண்கள் மூன்று ஆண்டுகள் வரை 'பயிற்சியாளர்' என்றே வைத்திருக்கப்பட்டு, குறைந்த ஊதியத்தில் முழு வேலை வாங்கப்பட்டனர். ஒப்பந்தக் காலம் முடிந்தால் மொத்தத் தொகை தருவதாக வாக்களிக்கப்பட்டது. இடையில் நின்றவர்கள் பலர் அதனை இழந்தனர். எனவே, பயிற்சிக் காலத்தை நீட்டிப்பது தீர்வாகாது. முதல் சில நாள்களில் முழு ஊதியத்துடன் முறையான பயிற்சி என்பதே கோரிக்கையாக இருக்க முடியும்.

அதேபோல், உரிமைகளைச் சொல்வதும் பயிற்சியின் பகுதியே. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வரும் ஆலையில், வேலை நேரத்தில் காயமடைந்தால் அதற்கான பலன் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. நோய்க்கால உதவிக்கோ குறிப்பிட்ட நாள்கள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாத தொழிலாளி, காயத்துக்குத் தன் பணத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்.

2015 செப்டம்பரில் மூணாறில் 'பெண்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்ட தேயிலைத் தோட்டப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாள்கள் போராடி வென்றனர். தங்கள் கணக்கைத் தாங்களே கேட்டறிந்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் கேள்வி கேட்ட அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அடுத்த மாதம் தினக்கூலி ரூ. 232-லிருந்து ரூ. 301 ஆக உயர்ந்தது. பல தலைமுறைகளாக ஒரே மொழி பேசி ஒரே லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அது சாத்தியமானது. நேற்று வந்திறங்கிய ஜார்க்கண்ட் தொழிலாளிக்கு அந்த வலு இல்லை.

விருந்தினர் என்ற பெயர்: கேரள அரசு வெளிமாநிலத் தொழிலாளர்களை 'அதிதித் தொழிலாளி', அதாவது விருந்தினர் தொழிலாளர் என்றே குறிப்பிடுகிறது. 2010-லேயே அவர்களுக்கென நலத்திட்டம் கொண்டு வந்தது. 2017-இல் 'ஆவாஸ்' என்ற காப்பீட்டுத் திட்டமும், மலையாளம் கற்பிக்க மாநில எழுத்தறிவு இயக்கத்தின் 'சங்ஙாதி' திட்டமும் தொடங்கப்பட்டன. 2019-இல் கஞ்சிக்கோட்டிலேயே 'அப்னா கர்' என்ற தங்குமிடம் திறக்கப்பட்டது. 600-க்கும் மேற்பட்டோர் குறைந்த வாடகையில் தங்கும் வசதி கொண்டது அது. பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியான முயற்சிகள் இவை என்பதில் ஐயமில்லை.

ஆனால், மாநிலத் திட்டக் குழு வெளியிட்ட ஆய்வின்படி, 2017-18-இல் கேரளத்தில் இருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 31 லட்சம் பேர். அவர்கள் மலையாளம் கற்கும் வரை இயந்திரம் காத்திருக்காது. தமிழ்ச் சிறுபான்மையினருக்கும் இதே நிலைதான். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர்களும் கன்னடர்களும் அரசு அலுவலகங்களுடன் தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழிவகுத்துள்ளது. கொழிஞ்சாம்பாறையில் உள்ள தமிழர் அரசுக்குத் தமிழில் மனு எழுதலாம். அவர் சேரும் தனியார் ஆலையின் வாயிலுக்குள் அந்த உரிமை செல்லாது.

வரப்போகும் ஆயிரங்கள்: 2008 ரயில்வே பட்ஜெட்டில் லாலு பிரசாத் அறிவித்து, 2012 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட கஞ்சிக்கோடு ரயில் பெட்டித் தொழிற்சாலை உருவாகவே இல்லை. கேரள எம்.பி.க்கள் இதற்காக நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பலமுறை குரல் எழுப்பியும் பலனில்லை. இந்நிலையில், 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் இடம்பெற்றது. 1,710 ஏக்கரில், ரூ. 3,806 கோடியில் அமையவுள்ள இந்நகரத்தின் மூலம் சுமார் 51 ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் என மதிப்பிடப்பட்டது. அவர்களில் கணிசமானோர் கோவை, பொள்ளாச்சி பகுதிகளிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வருவார்கள் என எதிர்பார்க்கலாம்.

தொழிலாளர்கள் சில மாதங்களில் வேறு ஆலைக்கு மாறிவிடுவதால் பயிற்சிக்குச் செலவிடுவது வீண் என்பது ஆலை உரிமையாளர்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், ஆள் மாறும் வேகம் அதிகமாக இருப்பதே முதல் நாள் பயிற்சி கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதற்கான காரணமும் ஆகும். எந்நேரமும் பாதிப் பேர் புதியவர்களாக இருக்கும் ஆலையில், 'பார்த்துக் கற்றுக்கொள்' என்றால், புதியவர் இன்னொரு புதியவரைப் பார்த்தே கற்க நேரிடும். சிறு ஆலைகள் தனித்தனியே செய்ய முடியாததை, தொழிற்பேட்டை அளவில் ஒரு பொதுப் பயிற்சி மையமாகச் செய்ய முடியும்.

பெரும்பாலான தொழிற்சாலைகளுக்கு விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசிடமே உள்ளது. புதிய சட்டத் தொகுப்புகளைச் செயல்படுத்த மாட்டோம் என்று கேரளத் தொழிலாளர் துறை அமைச்சர் வி. சிவன்குட்டி 2025 நவம்பரில் அறிவித்தார். தொழிலாளர் நலன் கருதிய எதிர்ப்பு அது. எனினும், பழைய சட்டத்தின் 'பெரும்பான்மையினர் மொழி' என்ற விதியும் புதியவரைக் காக்கவில்லை என்பதை எந்த அரசும் மறந்துவிடலாகாது.

நியமனக் கடிதம் தொழிலாளியின் மொழியிலும் இருக்க வேண்டும். அவர் மொழி அறிந்த ஒருவர் மூலம் முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி முழு ஊதியத்துடன் அளிக்கப்பட வேண்டும். பயிற்றுவிக்கும் மூத்த தொழிலாளிக்கும் அந்த நேரத்துக்கு ஊதியம் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படங்களுடன் கூடிய எச்சரிக்கைப் பலகைகள் வேண்டும். இந்த நான்கையும் விதிகளில் சேர்க்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. மாநில அரசின் அறிவிக்கையே போதும். ஒடியா பேசுவோரும் பிகாரிகளும் பெருமளவில் வேலை செய்யும் கோவை, திருப்பூர் ஆலைகளுக்காகத் தமிழக அரசும் இதையே செய்ய முடியும். எல்லைக்கு அப்பால் தமிழருக்குத் தமிழில் பயிற்சி வேண்டும் என்று தமிழகம் கேட்பதற்கு, இங்கு வேலை செய்யும் ஒடியருக்கு ஒடியாவில் பயிற்சி தருவதே வலுவான ஆதாரமாக இருக்கும்.